இரண்டு அணிக்கு ஒரு ஞானத்தாய்

சான் தெல்மோ ஊரில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எல்லாக் கடைக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது ஒன்று வந்துவிட்டது. துணிக்கடை பக்ரானோவுக்குத் தலைவலி. செருப்புக் கடைக்காரருக்கு மாமியார் வீட்டில் விசேஷம். விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரே கடையின் கதவில் ‘சரக்கு எண்ணுகிறோம்’ என்று ஓர் அட்டை தொங்கியது. அந்தக் கடையின் மொத்தச் சரக்கே இரண்டு பந்தும் ஒரு காற்றடிக்கும் பம்பும்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். சூரினாமிலிருந்து விமானம் மாறி மாறி வந்து இறங்கிய கால்பந்து அணியின் பெட்டி வந்து சேரவில்லை. ஆட்டக்காரர்கள் பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அரைக்கால் சட்டை அவரவர் கைப்பையில் இருந்தது. எண் போட்ட மேல்சட்டைகள் மட்டும் அந்தப் பெட்டிக்குள்ளேயே எங்கோ ஊர் சுற்றிக்கொண்டிருந்தன.

எண்பத்து மூன்றாம் ஆண்டு அது. வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் சாம்பியன் கிளப்புகள் எல்லாம் மோதும் கோப்பையில், ஹோண்டுராஸின் வடகரையில் வாழைத்தாரும் மழையும் தவிர வேறொன்றும் அறியாத சான் தெல்மோ அணி முதல் முறையாகக் கால் வைத்திருந்தது. சூரினாமுக்குப் போய் ஆடிய ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். மறு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, சொந்த மைதானத்தில்.

“புனிதர் சான் தெல்மோ நம்ம பக்கம் இருக்கார், லிந்தா! இல்லேன்னா பெட்டி தொலையுமா?” என்றார் தோன் ரமீரோ, வறுத்த வாழைக்காயை மென்றுகொண்டே. கிளப்பின் தலைவர் அவர்; அந்த ஊரில் மரியாதையாக ஆண்களைத் ‘தோன்’ என்றும் பெண்களைத் ‘தோன்யா’ என்றும் அழைப்பார்கள். மருந்துக்கடை வைத்திருந்தார். ஆனால் யாருக்கு என்ன மருந்து என்பதைவிட யார் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்பதைத்தான் அதிகம் பேசுவார்.

“பாவம்ங்க. அவ்வளவு தூரம் வந்திருக்காங்க” என்றாள் அவர் மனைவி எர்லிந்தா.

“பாவம் பார்த்தா கோப்பை கிடைக்காது. சட்டம் என்ன? நாளைக்கு மூணு மணிக்குப் பதினோரு பேரும் ஒரே கலர்ல, நம்பர் போட்ட சட்டையோட நிக்கணும். நம்ம அணி போடற வெள்ளையா இருக்கவும் கூடாது. நிக்கலைன்னா ரெண்டுக்குப் பூஜ்யம்னு நமக்கு எழுதிடுவாங்க. அங்க வாங்கினது ஒண்ணு, இங்க கிடைக்கறது ரெண்டு. அடுத்தது யாரு? மெக்சிகோ!”

மெக்சிகோ என்ற சொல்லைக் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் மகனைப் பார்த்தார்கள். செல்வின் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. துறைமுகத்தில் வாழைப்பழப் பெட்டி ஏற்றுகிறவன் அவன். அந்தப் பெரிய கைகள் பந்தைப் பிடிக்கவென்றே செய்தவை போலிருக்கும். சான் தெல்மோவின் கோல்கீப்பர். மெக்சிகோ கிளப்பில் ஆடும் ஊர்க்காரன் ஒருவன் தன் பயிற்சியாளரிடம் இவனைப் பற்றிச் சொல்லியிருந்தான். ‘அடுத்த சுற்றில் எங்களோடு ஆட வரட்டும், கண்ணால் பார்த்து முடிவு செய்கிறேன்’ என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்ததிலிருந்து, எர்லிந்தா தினமும் காலைப் பூசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு வளையும் முன்னே அவனுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

“நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், லிந்தா. உன் கடைக் கதவை மட்டும் சாத்திவை” என்றார் தோன் ரமீரோ எழுந்துகொண்டே. “அதுல பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல.”

எர்லிந்தாவின் தையல் கடை சதுக்கத்தின் மூலையில் இருந்தது. அவள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அவளோடு வேலை செய்யும் மார்லேன், ஊர்த் திருவிழாவுக்காகத் தைத்து முடித்த சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பாண்டு வாத்தியக்காரர்களுக்கான சட்டைகள். மாம்பழ மஞ்சள் நிறம், தோளிலிருந்து முழங்கை வரை ஃப்ரில். பாண்டு மாஸ்டர் தோன் கிளெமெந்தினோ கேட்டு வாங்கிய ஃப்ரில் அது. பதினைந்து வாத்தியக்காரர்களுக்குப் பதினைந்து சட்டை.

எர்லிந்தா வெறும் தையல்காரி மட்டும் அல்ல. சான் தெல்மோ அணியின் ஞானத்தாய். அந்தக் கரையில் ஞானத்தாய் இல்லாத அணியை அனாதைப் பிள்ளை மாதிரிதான் பார்ப்பார்கள். அணிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள் அவள். ஆட்டத்தன்று பூங்கொத்தோடு முன்னால் நடந்து அவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போவாள். அதற்கு முன் ஒவ்வொருவனும் அவள் முன் குனிந்து நிற்க, கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்து, “சான் தெல்மோ உன்னைக் கரை சேர்க்கட்டும்” என்பாள். மாலுமிகளின் காவலரான அந்தப் புனிதர் பந்தாட்டக்காரர்களையும் கைவிடுவதில்லை என்பது ஊரின் நம்பிக்கை. எர்லிந்தாவின் சிலுவை வாங்கியவன் சொந்த மைதானத்தில் தோற்றதே இல்லை என்பார்கள். தோற்ற ஆட்டங்களை ஊர் சௌகரியமாக மறந்துவிட்டிருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“திறக்காதீங்க, தோன்யா” என்று கிசுகிசுத்தாள் மார்லேன். “அவங்கதான். நெட்டையா ஒருத்தன். ஜன்னல்ல பார்த்தேன்.”

எர்லிந்தா ஒரு சாண் அகலத்துக்குக் கதவைத் திறந்தாள். வெளியே தூறலில் நின்றவர் சூரினாம் அணியின் தலைவர், எட்வின் பினாஸ். முன்பு ஒரு வருஷம் வெனிசுவேலாத் துறைமுகத்தில் வேலை செய்ததில் ஒட்டிக்கொண்ட இந்த ஊர்ப் பாஷையை வைத்துச் சமாளித்தார்.

“அம்மா, மன்னிக்கணும். சாயம் இருக்கா? ஏதாவது கலர். எங்க பனியன் எல்லாம் வெள்ளை. முக்கி எடுத்தா… கலர் ஆகும்.”

அலமாரியில் நீலச் சாயப் பொட்டலம் ஒன்று இருந்தது. அது எர்லிந்தாவுக்குத் தெரியும்.

“இல்லையே, தம்பி” என்றாள்.

“பரவாயில்ல. நன்றிம்மா.” முகம் சுளிக்காமல் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு அடி வைத்தவர் சட்டென்று குனிந்தார். வாசலோரத் தண்ணீரில் ஒரு காகிதம் கிடந்தது. எடுத்து உதறினார். தன் கால்சட்டையில் இரண்டு பக்கமும் ஒற்றித் துடைத்தார். ஊதினார். பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“எர்லிந்தா பெர்தோமோ. நீங்கதானே? கரண்ட் பில்லு. மை கலையல.”

இரு கைகளாலும் நீட்டினார். அவள் திகைத்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். “ஊர்ல நான் போஸ்ட்மேன். காகிதம் நனையறதைப் பார்த்தா மனசு கேக்காது.”

போய்விட்டார். அடுத்த கதவைத் தட்டினார். அதுவும் திறக்கவில்லை. அதற்கடுத்தது.

எர்லிந்தா ஈரக் காகிதத்தைப் பிடித்தபடி நின்றாள். காலையில்தான் ஆண்டவரிடம் கேட்டிருந்தாள், என் பிள்ளைக்கு ஒரு வழி திறந்துவிடும் என்று. இப்போது தன் கையாலேயே ஒரு கதவைச் சாத்திவிட்டு, அதற்குப் பின்னால் நின்று அதே ஜெபத்தை மறுபடியும் எப்படிச் சொல்வது? பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை என்று ரமீரோ சொன்னார். உண்மையிலேயே பாவமில்லை என்றால் அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

“தம்பி!” என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். “உங்க ஆளுங்களை எல்லாம் கூட்டிட்டு வாங்க!”

“தோன்யா!” மார்லேன் தலையில் கை வைத்துக்கொண்டாள். “தோன் ரமீரோ என்னைத் தொலைச்சிடுவாரு!”

“உன்னை ஏன் தொலைக்கணும்? பிளேடை எடு. ஃப்ரில்லைப் பிரி.”

“பாண்டுக்காரங்க சட்டையா? ஐயோ மாதாவே!”

கொஞ்ச நேரத்தில் கடை நிரம்பி வழிந்தது. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் தச்சர், ஒருவர் பேருந்து ஓட்டுநர். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர். மார்லேன் ஃப்ரில்லைப் பிரித்தாள். எர்லிந்தா கறுப்புத் துணியில் எண்களைக் கத்தரித்து மெஷினில் அடித்தாள். பாட்டு மாதிரி ஓடியது மெஷின். அந்த ஊர்ப் பாண்டுக்காரர்கள் சாப்பாட்டில் குறை வைக்காதவர்கள் ஆதலால், வயிற்றுப் பக்கம் எல்லாச் சட்டையும் பாய்மரம் போல் தொங்கியது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பாஷை தெரியாவிட்டாலும் மார்லேனும் சிரிக்க ஆரம்பித்தாள்.

“கோல்கீப்பருக்கு வேற கலர் வேணுமே” என்றார் எட்வின்.

எர்லிந்தா யோசித்தாள். பிறகு வீட்டுக்குப் போய், பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய பச்சைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். முதுகில் எண் ஒன்று. செல்வின் முதன்முதலில் அணிக்கு ஆடியபோது போட்டது.

தையல் முடிய முடிய ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாட்டிப் பார்த்தாள். தோளை இழுத்துவிட்டாள், கழுத்துப் பட்டனைப் போட்டாள், கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்தாள், “சான் தெல்மோ உன்னைக் கரை சேர்க்கட்டும், அடுத்தது வாப்பா” என்றாள். அடுத்தவன் வந்தான். அதற்கடுத்தவன்.

பாதி வரிசை தாண்டியதும் மார்லேனின் கையிலிருந்து கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

“தோன்யா! என்ன காரியம் பண்றீங்க?”

எர்லிந்தா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது அடுத்த நெற்றிக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது. சட்டை மாட்டினால் சிலுவை போடுவது என்று எத்தனையோ வருஷமாகப் பழகிய கை. யாருடைய நெற்றி என்று அது கேட்கவில்லை.

“என்னம்மா, ஏதாவது தப்பா?” என்றார் எட்வின்.

“அவங்க உங்களுக்கு ஞானத்தாய் ஆயிட்டாங்க!” என்று கத்தினாள் மார்லேன். “சட்டையும் கொடுத்து சிலுவையும் போட்டாச்சு. இனிமே அழிக்க முடியாது. எங்க அதிர்ஷ்டத்தைத் தூக்கி உங்ககிட்ட கொடுத்துட்டாங்க!”

எட்வின் தன் ஆட்களுக்கு விளக்கினார். யாரும் சிரிக்கவில்லை. மீதி வரிசையில் நின்றவர்கள், வாங்கியவர்களைப் பார்த்து, குனிந்த தலையை நிமிர்த்தாமலே காத்திருந்தார்கள்.

எர்லிந்தா பெருமூச்சு விட்டாள். “பாதிப் பேருக்குக் கொடுத்துட்டுப் பாதிப் பேரை வெறும் நெத்தியோட அனுப்ப முடியுமா? அடுத்தது வாப்பா.”

கடைசியாக எட்வின் சட்டை. அதற்குள் மாலை ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. வலது கை ஃப்ரில்லைத்தான் பிரிக்க முடிந்தது. இடது கையில் அது அப்படியே பூத்துக்கொண்டு நின்றது.

“விடுங்கம்மா, அழகாத்தான் இருக்கு” என்றார் எட்வின். பணம் எவ்வளவு என்று கேட்டார்.

“ஞானப் பிள்ளைங்ககிட்ட யாராவது சட்டைக்குக் காசு வாங்குவாங்களா?” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் எதை ஒப்புக்கொண்டோம் என்பது அவளுக்கே உறைத்தது.

ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் சேதி அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. தோன் ரமீரோ வாசலிலேயே நின்றார்.

“கதவைச் சாத்துன்னு சொன்னேன். அது ஒண்ணுதானே சொன்னேன்?”

“சாத்தினேங்க. ரொம்ப நேரம் சாத்தி வைக்க முடியல.”

“சட்டை கொடுத்தே, சரி. சிலுவை எதுக்கு? சிலுவை எதுக்குன்னு கேக்கறேன்! பாண்டுக்காரனுக்கு என்ன பதில் சொல்றது? ஊருக்கு என்ன பதில் சொல்றது?”

“கை பழக்கங்க.”

“கை பழக்கமாம்! நல்லவேளை, ரெஃப்ரி சட்டை தைக்க வரலை.”

செல்வின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“என் பச்சைச் சட்டையுமாம்மா?”

“பழசுதானேப்பா…”

“ஆமா. பழசுதான்.” எழுந்து உள்ளே போய்விட்டான்.

ரமீரோவின் கத்தலெல்லாம் எர்லிந்தாவை ஒன்றும் செய்யவில்லை. இந்த இரண்டு சொல் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட இடமில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த மாமரத்தில்கூட மாங்காயைவிட ஆட்கள் அதிகம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்பவருக்குக் ‘கிளி’ என்று பெயர். வழக்கப்படி இரு அணிகளின் ஞானத்தாய்களையும் அழைத்தார்.

“நம்ம அணியின் ஞானத்தாய், எல்லாருக்கும் தெரிஞ்ச தோன்யா எர்லிந்தா பெர்தோமோ! வந்திருக்கிற அணியின் ஞானத்தாய்… வந்து… ஒரு நிமிஷம்…” ஒலிபெருக்கியில் யாரோடோ விவாதிக்கும் சத்தம் கேட்டது. “அவங்களும் தோன்யா எர்லிந்தா பெர்தோமோதானாம்!”

மாமரத்தில் இருந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு விசிலும் சிரிப்பும் ஊளையும் கலந்து எழுந்தன.

“ரெண்டு வீட்லயும் பந்தியா, தோன்யா?”

“தோன் ரமீரோ, உங்களுக்கும் ரெண்டு வீடு உண்டா?”

எர்லிந்தா ஒரு பூங்கொத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கும் நடுவில் நடந்தாள். கன்னம் எரிந்தது. மஞ்சள் சட்டைகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்ததும், பாண்டு பாதிப் பாட்டில் நின்றுபோனது.

“அது என் சட்டை!” என்று எக்காளத்தை இறக்கிவிட்டுக் கத்தினார் தோன் கிளெமெந்தினோ. “அந்தப் பத்தாம் நம்பர்! வயித்துப் பக்கம் பாருங்க, என் அளவு!”

ஆட்டத்துக்கு முன்னே சான் தெல்மோ வீரர்கள் வரிசையாக அவள் முன் குனிந்தார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் குனிந்தார்கள், ஆனாலும் குனிந்தார்கள். கடைசியில் நின்ற செல்வின் மட்டும் கையுறையை மாட்டுவது போல் பாவனை செய்துகொண்டே அவளைக் கடந்து போய்விட்டான்.

சான் தெல்மோ முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மோதிப் பார்த்தும் பந்து வலைக்குள் போக மறுத்தது. இரண்டு ஆட்டமும் சேர்த்து ஒன்றுக்கு ஒன்று. பெனால்டிதான் என்று நடுவர் கையைக் காட்டினார், மாமரத்துப் பக்கம்.

செல்வின் அன்று ஆடியது போல் என்றுமே ஆடியதில்லை. அவர்கள் அடித்த பந்தில் ஒன்றை இடப்பக்கம் பாய்ந்து பிடித்தான். இன்னொன்றை விரல் நுனியால் கம்பத்தில் தட்டிவிட்டான். மாமரம் குலுங்கியது. ஆனால் சான் தெல்மோக்காரர்கள் அடித்ததில் ஒன்று அந்த மாமரத்துக்கே போனது. ஒன்று கம்பத்தில் பட்டது. மூன்றாவதைப் பச்சைச் சட்டை போட்ட எதிரணிக் கோல்கீப்பர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சான் தெல்மோ தன் ஐந்தையும் அடித்து முடித்தபோது இரண்டுக்கு இரண்டு, சூரினாமுக்கு ஒரு பந்து பாக்கி. அடிக்க வந்தவர் எட்வின். இடது கை ஃப்ரில் காற்றில் ஆடியது.

அவர் பந்தை வைத்தார். கட்டைவிரலால் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டு எர்லிந்தா இருந்த பக்கம் பார்த்தார். கோல் கோட்டில் நின்ற செல்வினும் அதே நேரத்தில் அவளைப் பார்த்தான்.

எர்லிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். என்ன கேட்பது? மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினாள். ‘ஆண்டவரே, ரெண்டும் என் பிள்ளைங்க. நீரே பார்த்துக்கொள்ளும்.’

உதைத்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. தன் ஊர் மைதானத்தில் அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது, எட்வின் தன் ஆட்களிடம் ஓடவில்லை. மண்ணில் கிடந்த செல்வினிடம் போய்க் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். செல்வின் கையைப் பிடித்து எழுந்தான். எழுந்து நேராக வெளியே நடந்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எர்லிந்தாவின் மெஷின் அதிகம் ஓடவில்லை. தைக்கக் கொடுத்திருந்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டு, முகம் பார்க்காமல் காசு வைத்துவிட்டுப் போனார்கள். திருவிழாவில் பாண்டுக்காரர்கள் பழைய சட்டையில் வாசித்தார்கள். வாசிப்பிலும் ஒரு பழைய வருத்தம் இருந்தது. தோன் ரமீரோ வீட்டில் பந்தாட்டத்தைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவேன் என்று இருந்தார். அதனால் அநேகமாகப் பேச்சே இல்லாமல் போயிற்று.

செல்வின் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. காலையில் துறைமுகத்துக்குப் போனான், வந்தான், அவள் வைத்ததைச் சாப்பிட்டான். உள்ளூர் ஆட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு ஆட்டத்தன்றும் வரிசையின் கடைசியில் நின்று, கையுறையை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டே, அவளைத் தாண்டிப் போனான். அவள் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயர்ந்து, மறுபடி இறங்கியது. அவன் பங்குச் சிலுவையை அவன் முதுகுக்குப் பின்னால் காற்றில் போட்டுவைத்தாள். ஆண்டவர் சேர்த்துவிடுவார் என்று நம்பினாள்.

மெக்சிகோவில் சூரினாம் அணி ஆடிய ஆட்டத்தை ஒரு புதன்கிழமை சாயங்காலம் வானொலியில் சொன்னார்கள். “செய்தி கேக்கலாம்னு” என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு தோன் ரமீரோ வானொலிப் பெட்டியைத் தையல் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். மார்லேன் வந்தாள். பக்ரானோ நூல்கண்டு வாங்க வந்தவர் போகவில்லை. செருப்புக் கடைக்காரர் வாசலில் நின்றார். தெருவில் ஒவ்வொருவராக, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள் போல், சேர்ந்துகொண்டே இருந்தார்கள். செல்வின் கதவோரம் தரையில் உட்கார்ந்தான்.

“சூரினாம் அணி மாம்பழ மஞ்சளில் வந்திருக்கிறார்கள்” என்றது வானொலி. “சட்டை எல்லாம் கொஞ்சம் தொளதொள. அணித் தலைவரின் இடது கையில் மட்டும்… அது என்னவென்று தெரியவில்லை நேயர்களே, ஜன்னல் திரை மாதிரி ஒன்று இருக்கிறது! தொலைந்த பெட்டி கிடைத்துவிட்டதே, ஏன் உங்கள் சட்டையைப் போடவில்லை என்று அவரைக் கேட்டோம். ‘இது எங்க ஞானத்தாய் கொடுத்தது, இதைப் போட்டுட்டுத்தான் ஆடுவோம்’ என்றார்.”

தெருவில் எல்லாரும் எர்லிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் உடைந்து வந்தது.

“அது என் சட்டை!” தோன் கிளெமெந்தினோதான். இம்முறை அவர் கத்தியதில் வேறு சுதி இருந்தது. “மெக்சிகோவில ஓடுது, கேட்டீங்களா? என் சட்டை!”

மெக்சிகோக்காரர்கள் ஒன்று போட்டார்கள், இரண்டு போட்டார்கள், போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்து ஆனது. ஒவ்வொரு கோலுக்கும் சான் தெல்மோத் தெரு முனகியது. “அந்தப் பக்கம் ஆள் வேணும்டா!” என்று ரமீரோ வானொலியைப் பார்த்து அதட்டினார். “வாத்தியாரைப் பின்னாடி இறக்கு!”

கடைசி நிமிஷங்களில் வானொலிக்காரரின் குரல் திடீரென்று உயர்ந்தது. “மஞ்சள் பத்து… உள்ளே வருகிறார்… அடிக்கிறார்… கோல்! கோல்! ஜன்னல் திரைக்காரர் கோல் போட்டுவிட்டார்! நெற்றியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஓடுகிறார்!”

தெரு வெடித்தது. பக்ரானோ செருப்புக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டார். மார்லேன் அழுதாள். தோன் ரமீரோ நாற்காலிமேல் ஏறி, “நம்ம பசங்க! பார்த்தீங்களா நம்ம பசங்களை!” என்று கூவினார். ஆட்டம் ஐந்துக்கு ஒன்று என்று முடிந்தது. வென்றது யார் என்று அந்தத் தெருவைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூவிக் களைத்த ரமீரோ நாற்காலியிலிருந்து இறங்கி, மனைவியின் தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் செல்வின் கதவோரத்திலேயே இருந்தான்.

“அங்க நின்னிருந்தா அந்த அஞ்சும் என் தலைமேலதான்” என்றான்.

எர்லிந்தா அவன் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நீ நின்னிருந்தா ரெண்டுதான் உள்ள போயிருக்கும். எனக்குத் தெரியும். உனக்கு அந்த வழி போச்சு, செல்வின். என்னாலதான்.”

“போச்சுதான்” என்றான் அவன். பொய் சொல்லவில்லை. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். “ஆனா ஒண்ணு யோசிச்சேம்மா. பெட்டி தூக்கும்போது யோசிக்க நேரம் நிறையக் கிடைக்கும். அன்னைக்கு ஆடாமலே ஜெயிச்சு நான் மெக்சிகோ போயிருந்தேன்னு வைங்க. அந்தக் கோச் வந்து, ‘தம்பி, இங்க வரைக்கும் எப்படி வந்தே?’ன்னு கேட்டா என்ன சொல்றது? ‘அவங்க பெட்டி தொலைஞ்சது, எங்க ஊர்ல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டோம்’னா?”

எர்லிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது.

“அதுவுமில்லாம, நான் அந்த ரெண்டு பெனால்டி பிடிச்சது? அது நடந்தே இருக்காதே. துறைமுகத்துல இன்னும் அதைத்தான் பேசறாங்க.” அவன் முழங்காலிட்டு நிமிர்ந்தான். பெரிய தலையை அவள் மடிக்கு நேரே தாழ்த்தினான். “நாளன்னைக்கு ஆட்டம் இருக்கு. பழைய பாக்கியும் சேர்த்துப் போடுங்க.”

ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கட்டைவிரலை அவள் தூக்கினாள். அப்போது வாசலில் தோன் கிளெமெந்தினோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தோன்யா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். பாண்டுக்குப் புதுச் சட்டை தைக்கணும். அதே மஞ்சள்.” கொஞ்சம் தயங்கினார். “ஃப்ரில் இடது கையில மட்டும் போதும்.”

“கொஞ்சம் பொறுங்க, தோன் கிளெமெந்தினோ” என்றாள் எர்லிந்தா, மகனின் நெற்றியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இங்க ஒருத்தனைக் கரை சேர்த்துட்டு வந்துடறேன்.”